பழைய வண்டியில் முதலில் ரப்பரைப் பாருங்கள்

போன வாரம் சேலத்திலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அக்கா, ஓசூர்ல ஒரு கார் வந்திருக்கு. 2010 மாடல், பெட்ரோல், ஒன்றரை லட்சம் சொல்றாங்க. எடுக்கலாமா?" என்று கேட்டான். "எடுக்கலாம்டா. அதுக்கு மேல கையில ஒரு அம்பதாயிரம் வச்சிருக்கியா?" என்றேன். "அது எதுக்குக்கா?" என்றான். பத்து நிமிடம் சொல்லிப் பார்த்தேன், போனில் முடிகிற விஷயமாக இல்லை. அவனுக்காகவும், அவனைப் போல முதல் வண்டி எடுக்கப் போகிறவர்களுக்காகவும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பெங்களூரில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு அல்சூரில். 2020 அக்டோபரில், கொரோனா கெடுபிடி கொஞ்சம் தளர்ந்த நேரம், சேலத்தில் இருக்கும் அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிவர மனம் வரவில்லை. கம்மனஹள்ளியில் ஒருவரிடமிருந்து 1,35,000 ரூபாய்க்கு இப்போது நான் ஓட்டும் காரை வாங்கினேன். 2008 பதிவு, 1.1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கே.ஏ. 03 எண். எனக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்தார்கள். என்ன கம்பெனி வண்டி என்று எழுதவில்லை. கீழே வரும் கோளாறு எல்லாம் வயதால் வந்தவை, எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் வரும். வாங்கிய நாளிலிருந்து அதற்குப் போட்ட ஒவ்வொரு ரூபாயும் ஒரு நீல நோட்டில் இருக்கிறது. இங்கே வரும் தொகைகள் அதிலிருந்துதான்.

வாங்கும்போது நான் ஆசையாகப் பார்த்தது மீட்டரை. 61,000 கிலோமீட்டர். பன்னிரண்டு வயது வண்டிக்கு ரொம்பக் குறைவு. மீட்டரைத் திருத்தி விற்பவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் சர்வீஸ் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் புரட்டினேன். தேதியும் கிலோமீட்டரும் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தன, ஏமாற்று இல்லை. அப்படியும் முதல் வருடம் செலவு கையைக் கடித்தது. ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் வயதாகிறது. இரும்பு அப்படியே இருக்கும், அதோடு சேர்ந்திருக்கும் ரப்பர் இருக்காது. டயர், சக்கர அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனின் புஷ், டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் ட்யூப், கதவு பீடிங், எஞ்சின் மேல் மூடியில் இருக்கும் பேக்கிங் என்று எத்தனையோ இடத்தில் ரப்பர் இருக்கிறது. வெயிலும் எஞ்சின் சூடும் பட்டு அது இறுகும், அப்புறம் வெடிக்கும். மீட்டர் இதைக் காட்டாது.

டயரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என் வண்டியில் 3112 என்று இருந்தது. அதாவது 2012இன் 31ஆவது வாரம். பட்டன் (தரையைத் தொடும் பக்கத்தில் இருக்கும் வரிப்பள்ளம்) ஆழமாக, பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. ஆனால் எட்டு வயது. செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு. நெடுஞ்சாலையில் 90இல் போகும்போது அந்த டயர் வெடித்திருந்தால் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்கும். நான்கையும் மாற்றினேன், 14,400 ரூபாய். விற்பவர் "டயர் புதுசு" என்று சொன்னால் அந்த நான்கு எண்ணைப் படியுங்கள்.

அடுத்தது டைமிங் பெல்ட், எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் அசைய வைக்கும் பட்டை. சில எஞ்சினில் செயின் இருக்கும், சிலவற்றில் பெல்ட். பெல்ட் என்றால் அது எப்போது மாற்றப்பட்டது என்று பில்லோடு கேட்க வேண்டும். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். அதோடு பாதி எஞ்சின் போனது மாதிரிதான். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கையோடு வாட்டர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 6,500 ஆனது. வாட்டர் பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். என் மெக்கானிக் சிவாஜிநகரில் கடை வைத்திருக்கிற ஆம்பூர்க்காரர், எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். "அம்மா, பம்ப் அப்புறம் ஒழுகினா இதே பெல்ட்டைத் திரும்பக் கழட்டணும், அதே கூலி திரும்பக் குடுக்கணும்," என்றார். கணக்கு எழுதுகிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கிளட்ச் 8,600. இதற்கு பெங்களூர்தான் காரணம் என்பேன். சில்க் போர்டு சந்திப்பில் அரை கிளட்சிலேயே முக்கால் மணி நேரம் நகர்ந்த வண்டிகள் இந்த ஊரில் எத்தனை ஆயிரம்! ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. எனக்கும் வேலை அந்தச் சந்திப்பைத் தாண்டி பொம்மனஹள்ளியில்தான். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு வாரத்தில் மூன்று நாள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன்.

சஸ்பென்ஷனுக்கு 11,300. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று மரக்கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட், எல்லாம் ரப்பர் போனவை. பேட்டரி 4,200. ஆக, முதல் வருடத்தில் மட்டும் 45,000 ரூபாய். வண்டி விலையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. சித்தி மகனிடம் அம்பதாயிரம் கேட்டது இதற்காகத்தான்.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம்.

2022 மே மாதம். அம்மாவை ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து பெங்களூர் திரும்பிக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி வெயில், ஏ.சி. ஓடுகிறது. தொப்பூர் கணவாய் சேலம் போகும்போது இறக்கம், லாரிக்காரர்கள் பயப்படுவது அதற்கு. திரும்பும்போது ஏற்றம். பழைய வண்டியோடு வருகிற நான் பயப்பட வேண்டியது இதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரட்டைப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து நகர்ந்தது. முதலில் ஒரு நூல் அளவு. அப்புறம் முக்கால். மேலே பாளையம் சுங்கச்சாவடி வந்துவிடும், அங்கே நிழலும் ஆளும் இருக்கும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். முள் சிவப்பைத் தொட்டது. ஏ.சி. காற்று வெந்நீர் ஆவி மாதிரி வந்தது. பானெட் ஓரத்தில் புகை. அம்மா "என்னடி வாசனை இது, வெல்லப்பாகு காய்ச்சற மாதிரி" என்றாள். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிரவைக்க ஊற்றும் திரவம், கொதித்தால் அப்படித்தான் இனிப்பாக வாசனை வரும் என்று இப்போது தெரியும்.

அந்த நான்கைந்து நிமிட ஓட்டத்துக்கு நான் கொடுத்த விலை 23,000 ரூபாய். வண்டியை ஏற்றிவந்த கூலி 3,500. புது ரேடியேட்டர் 4,800. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் வேலை 14,700. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாய் காட்டினார். எஞ்சின் ஆயில் கறுப்பாகவோ பொன்னிறமாகவோ இல்லை, பால் விட்ட டீ மாதிரி இருந்தது. சூட்டில் அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட் போய், தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி மட்டம் செய்து திரும்ப மாட்ட ஆறு நாள் ஆனது.

ஆரம்பம் எங்கே என்று கேட்டேன். பாய் ரேடியேட்டர் மூடியை என் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து ரூபாய் நாணயத்தைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு அகலம். அடிப்பக்கம் ஒரு ஸ்பிரிங், அதன் நுனியில் ஒரு ரப்பர் வளையம். "நகத்தால அமுக்கிப் பாருங்கம்மா" என்றார். அமுக்கினேன். நகம் வழுக்கியது, ரப்பர் கல் மாதிரி இருந்தது, அதன் மேல் வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் பதிந்து கிடந்தது. அப்புறம் டப்பாவிலிருந்து புது மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நகம் பட்ட இடத்தில் பிறை மாதிரி தடம் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக மறைந்தது. விலை 220 ரூபாய்.

அந்த மூடி வெறும் மூடி இல்லை. குக்கர் வெயிட் செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. உள்ளே அழுத்தம் நின்றால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்கும். ரப்பர் இறுகிப் போனால் அழுத்தம் நிற்காது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பக்கத்து பாட்டிலுக்கு வந்து வழிந்துபோகும், திரும்ப உள்ளே போகாது. சிட்டியில் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றமும் வெயிலும் ஏ.சி.யும் ஒன்றாகச் சேர்ந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டது. போதாததற்கு எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். பெங்களூர் போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளையாக ஓடு கட்டும். ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் அதேதான். பழையதை வெட்டிக் காட்டினார், பாதிக் குழாய் அடைந்திருந்தது.

ஆகவே முள் நகர ஆரம்பித்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனை அதிகமாக வையுங்கள். வெந்து போவீர்கள், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியே வரும். இடம் கிடைத்ததும் ஓரங்கட்டுங்கள், நல்ல இடம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சூடு ஆறும் வரை மூடியைத் தொடவே கூடாது, திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அன்றைக்கு நான் அவசரப்பட்டுத் திறந்து, பக்கத்தில் இருந்த அம்மா மேல் பட்டிருந்தால்? அந்த வருத்தம் எனக்கு 23,000 ரூபாயைவிடப் பெரிதாகியிருக்கும்.

தெர்மோஸ்டாட் பற்றியும் ஒரு வார்த்தை, எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைக்கும் வால்வு அது. வண்டி சூடேறினால் "அதைக் கழட்டிப் போட்டுடலாம், சரியாயிடும்" என்று சொல்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். வேண்டாம். அது இல்லாவிட்டால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோலைக் குடிக்கும், நோயும் உள்ளேயே இருக்கும்.

அதே வருடம் செப்டம்பரில் பெங்களூரில் பேய்மழை. அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். என் வண்டி தண்ணீரில் நிற்கவில்லை. ஆனாலும் முன்னிருக்கையில் இடப்பக்கக் கால்விரிப்பு ஊறிப்போய், கதவைத் திறந்தால் ஈரச்சாக்கு நாற்றம் வந்தது. இந்த மாதிரி ஈரத்துக்கு மூன்று காரணம் இருக்கும், எப்போது வருகிறது என்று பார்த்தாலே பிரித்துவிடலாம். வெயில் நாளில் ஏ.சி. போட்ட பிறகு நனைந்தால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. தொட்டால் பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் ஒழுகுகிறது. மழைக்குப் பிறகு மட்டும் என்றால் வைப்பருக்கு அடியில் பார்க்க வேண்டும். என்னுடையது மூன்றாவது.

எங்கள் தெருவில் வண்டி நிற்பது ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் கீழே. கோடையில் அந்த நிழலுக்கு நான் நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் அதன் பொடி இலைகளும், பஞ்சு மாதிரி இருக்கும் இளஞ்சிவப்புப் பூக்களும் கண்ணாடி வழியாக இறங்கி, வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சல்லடைக்குள் போய்விடுகின்றன. சல்லடையைக் கழற்றினால் உள்ளே இரண்டு கை நிறைய கறுப்பு எரு. மக்கி, ஈரமாக, மண்புழு ஒன்றுதான் பாக்கி. அதில் ஓர் அரசங்கன்று இரண்டு இலை விட்டு நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் இறங்க வேண்டிய ஓட்டை அந்த எருவில் மூடிப்போய், மழைநீர் வண்டிக்குள் இறங்கியிருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு வாளித் தண்ணீரும் போதும், அரை மணி நேர வேலை. கன்றை ஒரு தயிர் டப்பாவில் நட்டு வைத்தேன், மாடியில் இருக்கிறது. வண்டிக்கு அதற்குள் கேடு நடந்திருந்தது. விரிப்பைத் தூக்கினால் தரைத் தகட்டில் எட்டணா அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் துரு. டிங்கரிங் கடையில் தகடு வைத்துப் பற்றவைத்து, அடியில் கோட்டிங் அடிக்க 5,500. வண்டி பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20ஐப் பிரதமர் அறிமுகப்படுத்தியது 2023 பிப்ரவரி 6ஆம் தேதி, இதே பெங்களூரில். இப்போது பங்கில் கிடைப்பது அதுதான். 2008 வண்டியின் ட்யூப்களும் சீல்களும் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜும் கொஞ்சம் இறங்கும்; சேலம் ரோட்டில் 16 கொடுத்தது இப்போது 15 கொடுக்கிறது. எனக்குக் கவலை மைலேஜ் இல்லை, ட்யூப். போன வருடம் காலையில் டிக்கிப் பக்கம் பெட்ரோல் வாசனை வந்தது. டேங்கிலிருந்து வரும் ட்யூப் உப்பி, வளைவில் வெடித்திருந்தது. முன்னும் பின்னும் எல்லா பெட்ரோல் ட்யூப்பையும் கிளிப்போடு மாற்றினேன், 1,400 ரூபாய்தான். பத்து வயதுக்கு மேல் ஆன எந்த வண்டியிலும் இதை வாங்கிய மாதமே செய்துவிடலாம். பெட்ரோல் வாசனையை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம், டீசலுக்கு 10 வருடம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். இங்கே அது இல்லை. 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். காருக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600இலிருந்து 5,000 ரூபாயானது. தேதி தவறினால் மாதத்துக்கு 500 கூடும். நான் 2023இல் புதுப்பித்தேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் முதல் நாளே பார்த்து வைத்ததால் ஒரே நடையில் முடிந்தது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய் என்று 2022இல் வைத்தார்கள், அதற்கு மேல் வரி. பாரத் ஸ்டேஜ் 3 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டி என்பதால் எமிஷன் டெஸ்ட் ஆறு மாதத்துக்கு ஒரு தரம். டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று இங்கே கொண்டுவர நினைப்பவர்கள் கர்நாடக வரியைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பதையும் கூட்டிப் பாருங்கள்.

உதிரி பாகம் எங்கே வாங்குவது? நான் ஜே.சி. ரோட்டில் வாங்குகிறேன். அங்கே தமிழ், கன்னடம், உருது எதிலும் பேசலாம். போகும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போகிறேன், வருடமும் மாடலும் சொல்லி வாங்கினால்கூடச் சில சமயம் அரை அங்குலம் மாறிவிடும். கண்ணாடி இறக்கும் கைப்பிடி, பக்கக் கண்ணாடி, ஸ்விட்ச் போன்றவற்றுக்கு சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளே போதும். பிரேக், பெல்ட், ஹோஸ் மூன்றையும் பழையதாகவோ டூப்ளிகேட்டாகவோ வாங்கவே மாட்டேன். பாயிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன், அவரும் அதைத்தான் விரும்புகிறார்.

ஐந்து வருடக் கணக்கை நேற்று கூட்டினேன். 43,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெட்ரோலும் இன்சூரன்ஸும் போக, பழுதுக்கும் பராமரிப்புக்கும் மட்டும் 1,42,000 ரூபாய். வண்டி விலையைவிட அதிகம்! கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 30 காசு, மாதத்துக்கு ஏறக்குறைய 2,400. இதில் முதல் இரண்டு வருடத்தில் போனதுதான் பாதிக்கு மேல். அதற்கப்புறம் ஏ.சி. கண்டென்சர் ஒன்றைத் தவிர பெரிய வேலை வரவில்லை, ரப்பர் எல்லாம் புதுசு என்பதால். சித்தி மகன் ஒன்றரை லட்சம் கொடுத்தால் அவன் வாங்குவது இரண்டு லட்சம் ரூபாய் வண்டி. அப்படி நினைத்து வாங்கினால் நல்ல வண்டி. ஒன்றரை லட்சம் என்று நினைத்து வாங்கினால் முதல் ஏற்றத்திலேயே வழியில் நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு நானும் அவனோடு போகிறேன். ராத்திரி முழுக்க நின்று ஆறியிருக்கும்போதே பார்க்க வேண்டும், எங்களுக்கு முன்னால் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஆறிய எஞ்சினில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நகத்தால் அமுக்கிப் பார்க்க முடியும். பையில் ஒரு டார்ச்சும், விரிப்பைத் தூக்க ஒரு ஸ்குரூ டிரைவரும் எடுத்து வைத்துவிட்டேன். போகிற வண்டி இதேதான். இன்று காலை பானெட்டைத் திறந்து பார்த்தேன், கூலன்ட் பாட்டிலில் கீழ்க்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயே நிற்கிறது.